வனஜா சொன்ன ‘பேக்கு’

செய்தி வந்தபோது என் முகத்தில் பாதிக்குத்தான் சவரம் ஆகியிருந்தது. ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சலூனில், மூன்று மாநிலங்கள் பொறாமைப்படும் என் மீசையின் இடது சிறகைக் கத்தரிக்கோல் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. வனஜாம்மாவின் மகள் சிந்து.

“மாமா, அம்மா இல்ல.”

“எங்க போனாங்க?”

அந்தப் பக்கம் ஏதோ விட்டு விட்டுக் கேட்டது. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். “சரி, வந்ததும் கூப்பிடச் சொல்லும்மா” என்று வைத்துவிட்டேன்.

சலூன்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “யாருங்க மாமா?”

“நம்ம பாட்டுக்கார வனஜாம்மா. வீட்ல இல்லையாம்.”

“அவங்க படுக்கையில இருந்து எழுந்திரிக்கவே முடியலேன்னு நீங்கதானே சொன்னீங்க. எங்க போயிருப்பாங்க?”

கத்தரிக்கோல் நின்றது. நானும் நின்றேன். அதற்குப் பிறகு எப்படி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பது எனக்கே தெரியாது. பாகலூர் ரோட்டு நெரிசலை நான் ஒரே தாவலில் தாண்டியிருக்க வேண்டும். வாசலில் என்னைப் பார்த்த சிந்து, ஒரு பக்கம் மீசையும் மறுபக்கம் நுரையுமாக நின்ற என் திருமுகத்தைப் பார்த்து, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். “அம்மா இப்ப உங்களப் பாத்திருந்தா என்னா சொல்லியிருப்பாங்க தெரியுமா மாமா?”

தெரியும். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என்ன என்பது தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாமெல்லாம் கூடி, வனஜாம்மா பாடி வெளிவராமல் இருந்த அந்த ஒரே ஆல்பத்தைச் சேர்ந்து கேட்கப்போகிறோம். அன்று எல்லோர் கையிலும் தருகிற சிறுபுத்தகத்துக்கு, “அந்த வார்த்தையைப் பத்தி நீங்கதான் எழுதணும், மாமா. அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க” என்று சிந்து பொறுப்பை என் தலையில் வைத்தாள். ஒரு தொழிற்சாலையின் தரம் பார்க்கும் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். என் மேஜையில் மூன்று தட்டுகள் இருக்கும்: ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க். உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் கேஜ் வைத்து அளந்து மூன்றில் ஒன்றில் போட்டுவிடுவேன். வனஜாம்மாவின் அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது.

வனஜாம்மாவை அறியாதவர் யாராவது தவறிப்போய் இதைக் கையில் எடுத்திருந்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். பேரிகைப் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அத்திப்பள்ளியில் கன்னடம் பேசும் வீட்டுக்கு வாக்கப்பட்டு, கணவருடன் ஒசூருக்கே திரும்பி வந்தவர். மாரியம்மன் பண்டிகைக்குப் பாடுவார், மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார், உகாதிக்குத் தெலுங்கு, ராஜ்யோத்சவத்துக்குக் கன்னடம். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் ஆண் பாடகர் வராமல் போன அன்று டூயட்டின் இரண்டு பக்கத்தையும் தானே பாடி, பாட்டின் முடிவில் தன்னோடு தானே ஊடல் கொண்டு தானே சமாதானமும் ஆகியிருக்கிறார். ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் போகும் ஜவுளிக்கடை விளம்பரக் குரலும் அவருடையதுதான். அந்த ஆட்டோவைத் துரத்திக்கொண்டு மக்கள் ஓடினார்கள் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆகவே, நடந்துதான் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு ஸ்வரத்தை ஒசூரில் பிடித்தால் அத்திப்பள்ளி வரை இழுத்துக்கொண்டு போய்விடுவார். நடுவில் டோல்கூடக் கட்டமாட்டார்.

மூன்று மொழியும் அவரிடம் மூன்று வேலைக்காக இருந்தன. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தாளம் எண்ணினால் தெலுங்கு: ஒகட்டி, ரெண்டு, மூடு. ஏதாவது வேண்டும் என்றாலோ போதும் என்றாலோ, கணவர் வீட்டுச் சமையலறையில் பழகிய கன்னடம். திட்டினால் மட்டும் சுத்தத் தமிழ். “திட்டறதுக்குன்னே செஞ்ச பாஷைங்க மாமா நம்மளுது. வாயில போட்டா கரையாது” என்பார். என்னை எப்போதும் ‘மாமா’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் கூப்பிடுவார். இந்த மரியாதையை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வழக்கில் சாட்சியாக வரும்.

நானும் அவரும் கூட்டாளி ஆனதற்குக் காரணம் ஒரு கரண்ட் கட். ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜை. மிஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா; வேலை போக மிச்ச நேரத்தில் நான் அதில் அக்கார்டியன்காரன். இரண்டாவது பாட்டிலேயே எங்கள் பக்கம் மட்டும் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, ரிதம் பேடு செத்தது, மைக் செத்தது. மூலையில் யாரோ நிறுத்த மறந்த கம்ப்ரெசர் ஒன்று மட்டும், “புஸ்… டக். புஸ் புஸ்… டக்” என்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் எலக்ட்ரீஷியனைத் தேடி ஓடினார்கள். வனஜாம்மா கம்ப்ரெசரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று அதன் மூச்சைப் பிடித்து, மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தார். கரண்ட் தேவைப்படாத ஒரே வாத்தியம் என் அக்கார்டியன். அதுவும் காற்று, கம்ப்ரெசரும் காற்று. துருத்தியைத் திறந்தேன். நாங்கள் மூவரும், அதாவது வனஜாம்மாவும் நானும் அந்தக் கம்ப்ரெசரும், கொடுத்த கச்சேரியில் மிஷின்கள் தாமாகவே ஓட ஆரம்பிக்காதது அவற்றின் அடக்கத்தைக் காட்டுகிறது.

கூட்டத்தில் நண்பர் ஒருவரோடு வந்திருந்த பெங்களூர்ப் பையன் சந்தீப், கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே டிரம்ஸ் வாசிப்பவன். நேராக வந்து அவர் முன்னால் நின்றான்.

“அம்மா, நீங்க இப்ப பாடினது ஜாஸ்.”

“ஜாஸா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு ரிகர்சல் பாக்காம வந்துட்டாங்க.”

சந்தீப் விடவில்லை. அவனும் அவன் கூட்டாளிகள் இருவரும், ஒருவன் பியானோ ஒருவன் பேஸ் கிட்டார், ஒரு ஆல்பம் செய்யவேண்டும் என்று வருஷக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருந்தார்களாம். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, முன்கூட்டி எழுதிக்கொள்ளாமல், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பிடித்துக்கொண்டு வாசிப்பது. வாசிக்கும்போதே பதிவாகும், பிறகு ஒட்டுப்போட முடியாது. இதற்கு ஜாம் செஷன் என்று பெயர். “தப்பு வந்தா இரண்டாவது டேக் இல்ல அம்மா, பரவாயில்லையா?” என்று பயந்துகொண்டே கேட்டான். வனஜாம்மா சிரித்தார். “கல்யாணத்துல பாடறவளுக்கு ரெண்டாவது டேக் ஏதுப்பா? தாலிய ரெண்டு தடவையா கட்டறாங்க?”

பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவைப் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கவைத்து, காதில் எதையோ மாட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். “மீன் தொட்டியில நின்னு எப்படிங்க பாடறது? எதிர்ல நாலு பேர் சாப்பிட்டுக்கிட்டாவது இருக்கணும்.” அப்படித்தான் கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் திம்மராஜின் மாங்கூழ்க் கம்பெனி ஷெட் முடிவானது. திம்மராஜ் வனஜாம்மாவின் பரம ரசிகர். மாம்பழ சீசன் முடிந்துவிட்டால் அந்த ஷெட்டில் எலிகளும், எலிகளுக்காக அமர்த்தப்பட்ட ஒரு பூனையும் மட்டும்தான். உயரமான தகரக் கூரை, வரிசையாகக் காலி டிரம்கள். குரல் போய் முட்டி இனிப்பாகத் திரும்பி வரும்.

ஆனால் பேச்சுவார்த்தை கடைசி நிமிஷத்தில் முறியும் நிலைக்குப் போனது. திம்மராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“மாமா, அந்தப் பசங்க இங்க ஜாம் போடப்போறாங்களாமே?”

“ஆமா திம்மராஜ். நாள் பூரா ஜாம்தான்.”

“அம்மா கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுதுங்களா. ஆனா நம்ம கம்பெனிக்குக் கூழுக்குத்தானே லைசென்ஸ் இருக்குது? ஜாமுக்கு இல்லீங்களே. ஆபீசர் வந்தா நான் என்னான்னு சொல்லுவேன்?”

அவருக்கு விளக்குவதற்குப் பதிலாக, “பயப்படாதீங்க, சர்க்கரை போடமாட்டாங்க” என்று சொல்லி வைத்தேன். சர்க்கரை இல்லாத ஜாமைப் பார்க்க அவர் குடும்பத்தோடு வந்தார். வனஜாம்மாவுக்கு எதிரே சாப்பிட நாலு பேர் கிடைத்தார்கள். எல்லாம் நன்மைக்கே.

பதிவு நாளில் மத்தியானச் சாப்பாட்டின்போது நடந்தது ஒன்றைச் சொல்லாமல் முக்கியமான இடத்துக்குப் போகக்கூடாது. பரிமாறிய அம்மாள் சோற்றை மலையாகக் குவிக்கக் குவிக்க, வனஜாம்மா இலைமேல் கையை விரித்து, “சாக்கு, சாக்கு” என்றார். கன்னடத்தில் ‘போதும்’. கிருஷ்ணகிரி தாண்டி மத்தூரிலிருந்து மருமகளாக வந்திருந்த அந்த அம்மாளுக்குக் கன்னடம் தெரியாது. உள்ளே ஓடிப்போய் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். “உட்கார்றதுக்குங்களா, கட்டி எடுத்துட்டுப் போறதுக்குங்களா?” ஷெட்டே அதிர்ந்தது. வனஜாம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, அந்தச் சாக்கை மடித்து என் நாற்காலியில் போட்டார். “உட்காருங்க மாமா. இன்னைக்கு நல்லா வாசிக்கலேன்னா சொல்றதுக்கு ஒரு சாக்கு இருக்குது பாருங்க.” ஒரே வார்த்தையில் இரண்டு மொழியையும் மூன்று அர்த்தத்தையும் கட்டிப்போடும் பெண்மணி அவர். நான் சொல்லப்போகும் குழப்பத்தின் ஆழம் இப்போது உங்களுக்குப் பிடிபடும்.

சாப்பாடு முடிந்து, டிரம்ஸுக்கும் பியானோவுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் எடுத்த பாட்டுக்கு வரிகளே இல்லை. பஸ் கண்டக்டர் கூவுவதைப் பிடித்துக்கொண்டார். “அத்திப்பள்ளி, ஜூஜுவாடி, சிப்காட்டு, ஒசூரு, சூளகிரி, கிருஷ்ணகிரி, மத்தூர் மத்தூர் மத்தூர்…” அந்த ‘மத்தூரை’ மட்டும் எடுத்து உருட்டி, நீட்டி, மடக்கி, மேலே எறிந்து பிடித்தார். பேஸ் கிட்டார் பின்னாலேயே ஓடியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு வாத்தியம் ஏறி இறங்கியது. கிருஷ்ணகிரியில் என் முறை.

நான் தயாராக வந்திருந்தேன். முன்கூட்டி எழுதிக்கொள்ளக்கூடாது என்பது விதி. மனப்பாடம் செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வீட்டில் ரகசியமாகப் பழகிய ஒரு துண்டை அட்சரம் பிசகாமல் வாசித்தேன். கைத்தட்டலுக்கு இடம் விட்டு, கம்பீரமாகத் துருத்தியை மூடப்போன அந்த நொடியில், வனஜாம்மா என்னைப் பார்த்து, மைக் முன்னாலேயே, உரக்கச் சொன்னார்:

“பேக்கு!”

என் தலையில் இடி இறங்கியது. ஊர் கூடியிருக்கும் இடத்தில், திம்மராஜின் குடும்பம் பார்த்திருக்க, பெங்களூர்ப் பையன்கள் கேட்டிருக்க, ஒட்டுப்போட முடியாத ஆல்பத்தில் என்னைப் பேக்கு என்று சொல்லிவிட்டாரே! மீசை நடுங்கியது. மூடவிருந்த துருத்தியைப் பிளந்தேன். மனப்பாடம் எங்கே போனது என்று தெரியாது. ஆத்திரம் வாசித்தது. அக்கார்டியனில் ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டை, அழுத்தினால் எழும்பாமல் அழுதுகொண்டே இருக்கும். அதையும் சேர்த்து அழுத்தி அதன் அழுகையையும் பாட்டாக்கினேன். காலி டிரம்கள் முழங்கின. ராயக்கோட்டையில் தக்காளி அன்றைக்கு ஒரே மூச்சில் பழுத்ததற்கு நான்தான் காரணம் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். சொன்னது நான்தான், இருந்தாலும் சொல்லிக்கொண்டார்கள். வனஜாம்மா மறுபடி ஏறிக்கொண்டார். “மத்தூர்” என்று அவர் பாட்டை இறக்கி முடித்தார்.

சந்தீப் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். “அங்கிள்! அம்மா கேட்டதும் என்னமா கொடுத்தீங்க!”

“எதைக் கேட்டாங்க?”

“பேக்கு அங்கிள்! வேணும்னு. இன்னும் பேக்கு, இன்னும் பேக்குன்னு கேட்டாங்களே!”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஜூஜுவாடி மாநில எல்லை ஓடியது. கன்னடத்தில் அந்த வார்த்தைக்கு ‘வேண்டும்’ என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

திம்மராஜ் மெதுவாக வந்தார். “ரெண்டு பேரும் தப்பு மாமா. அம்மா சொன்னது பெக்கு. கன்னடத்துல பூனைங்க. நம்ம பூனை உங்க காலுக்கிட்ட வந்துச்சு. நீங்க அதும் வால்மேல மிதிக்கப் போனீங்க. அம்மா பாத்துட்டு எச்சரிக்க பண்ணினாங்க.”

பூனை டிரம்மின் மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆக, மூன்று தட்டுகள். ‘வேண்டும்’ என்றால் ஓகே. ‘முட்டாள்’ என்றால் ரிஜெக்ட். பூனை என்றால் ரீவொர்க். வனஜாம்மாவிடம் அங்கேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். “எல்லாருக்கும் நல்லாத்தானே கேட்டுச்சு? அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறித் தூங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆராய்ச்சி. வேண்டும் என்றால் கன்னடம். அவர் வழக்கப்படி பார்த்தால் சந்தீப் சொல்வது சரி. திட்டினால் தமிழ், அதே வழக்கப்படி பார்த்தால் நான் சொல்வதும் சரி. அவருடைய சட்டம் இரண்டு கட்சிக்கும் தீர்ப்பு எழுதிக் கொடுத்தது. மரியாதையைச் சாட்சிக்கு அழைத்தேன். என்னிடம் ஒருநாளும் ஒருமையில் பேசாதவர், பேக்கு என்பாரா? ஆனால் அந்த வார்த்தையில் மரியாதை ஒட்டாதே. ‘பேக்குங்க மாமா’ என்று சொல்லியிருந்தால் நானும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பதிவை எடுத்துப் போட்டு, குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டார்கள். சரியாக அந்த இடத்தில் சந்தீப் டிரம்ஸோடு இருக்கும் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்திருந்தான். ‘பே’யா ‘பெ’யா, அதுகூடத் தெளிவாக இல்லை.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். “மாமா, கோவமா?”

“இல்லை.”

“இருக்கணுங்க. இருந்தாத்தான் நீங்க வாசிக்கிறீங்க.”

சரி, திட்டித்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரமே அந்த முடிவு உடைந்தது. ஒலிப்பதிவு செய்தவர், பாட்டுக்கு நடுவில் பேச்சு வருகிறதே, வேண்டுமானால் அந்த இடத்தை மட்டும் மழுப்பிவிடலாம் என்றாராம். வனஜாம்மா ஒரே பிடியாகக் கூடாது என்றிருக்கிறார். “அதை எடுத்துட்டா, மாமா எதுக்கு அப்படி வாசிச்சாருன்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?” இதைக் கேட்டதும், இல்லை இல்லை, வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தால், திட்டினதையும் அப்படி எடுக்காமல் வைக்கலாமே என்று மறுபடி சுருங்கினேன். ஊரே கொண்டாடிய ஒரு குரலுக்கு நான் வேண்டியவனா, சகித்துக்கொள்ளப்பட்டவனா? இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குப் பின்னால் துருத்தியை இழுத்தவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கக்கூடாதா? சிரிக்காதீர்கள். நான் இதை வைத்து எத்தனை வேடிக்கை பேசினாலும், விஷயம் எனக்கு வேடிக்கை இல்லை.

ஆல்பம் வெளிவருவதற்குள் அவர் உடம்புக்கு முடியாமல் போனது. சந்தீப், அவர் எழுந்து வந்ததும் மேடையில் வைத்துத்தான் வெளியிடுவேன் என்று நிறுத்தி வைத்தான். அவர் எழவில்லை.

கடைசியாகப் போய்ப் பார்த்த காலையில் அக்கார்டியனையும் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில், நம் மூன்று மொழிகளையும் தாங்கிய அந்த உடம்பு ஒரு மடித்த புடவை அளவுக்கு இருந்தது. குரல் பாதிக்குமேல் காற்றாகப் போயிருந்தது. சிந்து அடுப்படியில் இருந்தாள். இதைவிட்டால் நேரம் இல்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது போல. கேட்டுவிட்டேன்.

“வனஜாம்மா, உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்கு என்னைத் திட்டினீங்களா, கேட்டீங்களா?”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பழைய குறும்பு அப்படியே இருந்தது.

“நான் சொன்னதும் நீங்க என்னா பண்ணினீங்க?”

“வாசிச்சேன்.”

“அப்புறம் என்னாங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூனையைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தேன். அவர் விரலை அசைத்து அக்கார்டியனைக் காட்டினார். கிருஷ்ணகிரி ஸ்டாப்பில் ஏறின பாட்டையே வாசித்தேன், மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். அவர் கண் மூடிக்கொண்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, சத்தம் வராமல் துருத்தியை மூடப்போனேன். உதடு அசைந்தது. ஒட்டியது, பிரிந்தது. குரல் வரவில்லை.

என்ன வார்த்தை என்று நீங்கள் யூகிப்பீர்கள். நானும் யூகித்தேன். இந்த முறை எந்த வெண்கலத் தட்டும் குறுக்கே அடிக்கவில்லை, எந்தப் பூனையும் இல்லை, அப்படியும் தெரியவில்லை. ஆனால் ஒன்று: என் கை நிற்கவில்லை. சிந்து காப்பியோடு வந்து, அது ஆறிப் போகும்வரை நின்றுகொண்டிருந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தின் அட்டையில் ‘பேக்கு’ என்ற அந்தப் பாட்டின் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்று சந்தீப்புக்கும் சிந்துவுக்கும் சண்டை. கன்னட எழுத்தில் போட்டால் வழக்கு அவன் பக்கம் முடிந்துவிடும். இங்கிலீஷில் போட்டால் ஒருத்தருக்கும் புரியாது. தமிழிலேயே போடச் சொன்னேன், என் பக்கம் ஜெயிப்பதற்காக இல்லை. நம் ‘ப’ இருக்கிறதே, அது ரொம்பப் பெருந்தன்மையான எழுத்து. நம் திட்டு மாதிரி அழுத்திச் சொன்னாலும் சரி, கன்னட ‘வேண்டும்’ மாதிரி அதிர்ந்து சொன்னாலும் சரி, எந்த ஊர்க்காரன் என்று கேட்காமல் இரண்டு சத்தத்தையும் உள்ளே விட்டுவிடும். வனஜாம்மா குடியிருக்க அதுதான் தோதான வீடு.

ஞாயிற்றுக்கிழமை அதே ஷெட்டில், அதே தகரக் கூரையின் கீழே அந்த இடம் வரும்போது, ஒசூர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெங்களூர்க்காரர்கள் தலையாட்டுவார்கள். திம்மராஜ் குனிந்து பூனையைத் தேடுவார். யார் சரி என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள். முடிவு சொல்லும்படி சிந்து கொடுத்த பொறுப்பை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறேன், என்னால் ஆகவில்லை. அவர் வந்ததும் கூப்பிடச் சொல் என்று சலூனில் இருந்து சொன்ன என் வார்த்தையையும் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் அவரே சொல்லட்டும்.

வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பீஸைக்கூடப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நான் கேட்டைத் தாண்டியதில்லை. அளக்க முடியாத இந்த ஒரு வார்த்தையை மட்டும் எந்தத் தட்டிலும் போடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அக்கார்டியனில் அந்த ஒட்டின கட்டையைச் சரி செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். துருத்தியை மூடப்போகும்போதெல்லாம் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டு அழுகிறது. உடனே பாக்கெட்டில் இருப்பது காதில் விழுகிறது. திட்டினதோ, கேட்டதோ, பூனையோ, மூடாமல் திறக்கிறேன், வனஜாம்மா.